பேணி

இஸ்ஸதீன் கீழே போய் இருபத்தைந்து நிமிடம்.
அவனுடைய மூச்சு என் கையில்,
மஞ்சள் குழாயாக.
கொம்பிறசர் இருமும்போதெல்லாம்
எனக்கு நெஞ்சு அடைக்கும்.
கொட்டியாரக் குடா அன்று அசையவில்லை.
சட்டம் என்ன சொல்லும் என்பதைக்
கரையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தோம்.

குழாய் இரண்டு தரம் இழுபட்டது.
கயிற்றில் ஏறி வந்தது பித்தளை இல்லை.
சுண்ணாம்பும் சிப்பியும் அப்பிய ஒரு கட்டி.
கத்திப் பிடியால் தட்டினேன்.
உள்ளே உருண்டைகள்.
ஒன்றை ஒன்று நெருக்கி, அடுக்கடுக்காய்,
வட்டமாய் நின்றன
இல்லாத ஒரு சுவருக்குள்.

தகரம் எப்பவோ கரைந்துவிட்டது.
தகரத்தின் சொல்லை
அவை இன்னும் மீறவில்லை.

பீரங்கி வாய்க்குள் வைக்கிற பேணி, என்றான்,
முகமூடியை நெற்றிக்கு ஏற்றியபடி.
கப்பலை உடைக்க இல்லை.
மேல்தட்டில் நிற்கிற ஆக்களுக்கு.
வாயை விட்டதும் பேணி கிழியும்,
உள்ளே இருக்கிறது விரியும்,
வீச்சுவலை மாதிரி.
வீசிக் காட்டிய கையை
உடனே மடக்கிக்கொண்டான்.

அவன் இடுப்பில் ஒரு சன்னம் இருக்கிறது,
மூதூரில் செல் விழுந்த வருஷத்தது.
ஆழத்துக்குப் போனால்
அவனுக்கு முன்னால் அது குளிருமாம்.

ஒல்லாந்தனோ பிரெஞ்சுக்காரனோ இங்கிலீசுக்காரனோ,
இந்தக் குடாவுக்கு வராதவன் யார்?
இடைவெளிகளில் பழுப்பாய் ஏதோ.
மரத்தூள்.
முட்டை அடுக்குகிறவனின் பொறுமையோடு
ஒருவன் அள்ளி அள்ளி இட்டிருக்கிறான்.
அந்தக் கையை எனக்குத் தெரியும் போல இருந்தது.

என்னிடமும் ஒரு பேணி இருந்தது.
உவர்மலைக்கு ஏறும் றோட்டில் சைக்கிள் கடை.
பால்மாப் பேணிக்குள் போல்ஸ்,
முன்சில்லுக்குச் சின்னது, பின்சில்லுக்குப் பெரியது,
கிறீஸ் பூசி, கடதாசியில் சுற்றி.
கிளைமோர்கள் வெடித்த காலம்.
சீமெந்து நிலத்தில்
ஒருவன் கவிழ்த்தான்.
என்ன இது?
போல்ஸ் சேர்.
எதுக்கு?
சில்லுச் சுத்த சேர்.
எத்தனை?
பூட்ஸுகளுக்கு நடுவே முழங்காலில் நின்று எண்ணினேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டு.
மேசைக்குக் கீழே ஒன்று உருண்டு போனதை
அவனும் பார்த்தான், நானும் பார்த்தேன்.
அந்த ஒன்றுக்கு நாலு இரவு.

என் பேணிக்குள் அவர்கள் எதைக் கண்டார்கள் என்று
இத்தனை வருஷம் கழித்து
இந்தப் படகில்தான் பார்க்கிறேன்.
அவர்கள் கற்பனை பண்ணவில்லை.
இப்படி ஒன்று இருந்திருக்கிறது.
என்னுடையது இல்லை,
அவ்வளவுதான்.

ஒரு உருண்டையைப் பெயர்த்து எடுத்தேன்,
நெல்லிக்காய் அளவு.
இரும்பு என்று எண்ணிய கை ஏமாந்தது.
எடையைக் கடல் வைத்துக்கொண்டு
உருவத்தை மட்டும் திருப்பித் தந்திருந்தது.

பிறகு சூடு.
வெயில் என்று நினைத்து
நிழலுக்குள் கொண்டுபோனேன்.
நிழலில் இன்னும் கூடியது.
காற்றுப் பட்டதும் உள்ளிருந்தே எரியத் தொடங்கி,
ஒருநாளும் சுடப்படாத குண்டு
என் உள்ளங்கையைச்
சுட்டது.

பறித்து வாளித் தண்ணீரில் போட்டான் இஸ்ஸதீன்.
சின்னச் சத்தம், விறகு முறிவதுபோல.
இரண்டு பாதி. உள்ளே முழுக்கக் கறுப்பு,
தொட்ட விரலில் பென்சில் கரியாய் ஒட்டியது.

பழைய இரும்புக் கடை மன்சூர் இதற்குக் காசு தரமாட்டான்.
தராசு இறங்க ஏதாவது வேண்டுமே.
மிச்சத்தை எண்ணவா, என்று கேட்டான்.
வேண்டாம் என்றேன்,
கொஞ்சம் சத்தமாக.
அவன் ஏன் என்று கேட்கவில்லை.

பாதி உருண்டையை வாளியிலிருந்து எடுத்து
படகுப் பலகையில் கீறிப் பார்த்தேன்.
எழுதியது.

மண்ணெண்ணெய் நாலு லீட்டர்.
பித்தளை இல்லை.
கீழே முப்பத்தொரு நிமிடம்.